கேமரா மாட்டியாச்சு, அப்புறம்?

பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்பது திருப்பூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மெஷின் நிற்கும். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை தேடுவார்கள். கிடைத்ததை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் தனியே எடுத்து வைக்கப்பட்டுச் சோதனைக்குப் போகும். இரும்புத் துணுக்கு ஒன்று கடல் கடந்து ஏதோ ஒரு குழந்தையின் சட்டையில் போய்விடக் கூடாது என்பதில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். ஆனால் நம் வீட்டு வாசலில் கேமரா மாட்டிய மறுநாளே அதை மறந்துவிடுகிறோம். "கேமரா மாட்டியாச்சு" என்று சொல்வதோடு பாதுகாப்புக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

இப்போது ஊர் முழுக்கக் கேமரா. காரணம் இல்லாமல் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள், 2025 மே தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொலையுண்டது தெரியவந்தது. கொங்கு நாட்டில் சாளைகள் எனப்படும் இந்தத் தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. பிள்ளைகள் டவுனில், கம்பெனியில், வெளிநாட்டில். பயம் நியாயமானது. பயத்தில் வாங்கிய பொருளைப் பற்றி நாம் நம்புகிற செய்திகள்தான் நியாயமாக இல்லை.

"கேமராவைப் பார்த்தாலே திருடன் வரமாட்டான்." முதல் நம்பிக்கை இதுதான், அதிகம் செலவு வைப்பதும் இதுதான். பல நாடுகளில் பொது இடக் கேமராக்கள் குறித்து நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் குற்றவியல் அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கு இப்படி: குற்றங்கள் சராசரியாக 13 சதவீதம் குறைந்தன. வண்டி நிறுத்துமிடங்களில் பலன் நன்றாகவே தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இடங்களில்தான் பலன் கூடியது. அதாவது ஆள் வேண்டும். நம் வீட்டில் அந்த ஆள் யார்? குரங்குக் குல்லாயும் கையுறையும் போட்டு வருகிறவனுக்குக் கேமரா ஒரு பொருட்டில்லை. போகும்போது காட்சிகள் பதிவாகும் டிவிஆர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்ற வரியை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

பிறகும் ஏன் நம்புகிறோம்? "சிசிடிவி காட்சியை வைத்துக் கொள்ளையர் சிக்கினர்" என்பது செய்தியாகிறது. கேமரா இருந்தும் ஒன்றும் கிடைக்காத வீடு செய்தியாவதில்லை. 2017 முதல் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று இயக்கம் நடத்தித் தெருவெங்கும் கேமரா வைக்கச் சொன்னது. நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்க அது உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. 'பிடிக்க உதவும்' என்று அவர்கள் சொன்னதை 'வரவிடாது' என்று மாற்றிக்கொண்டது நாம்தான். அப்படி மாற்றிக்கொண்டதன் விலை என்னவென்றால், நாலு கேமராவுக்குப் பணம் கொடுத்த கையோடு பின்கட்டுக் கதவின் பழைய தாழ்ப்பாளை அப்படியே விட்டுவிடுகிறோம். களத்து விளக்கு ஃபியூஸ் போய் மூன்று மாதமாகிறது. தீபாவளிக்கு ஊரே காலியாகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸார் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறார்கள். "அதான் கேமரா இருக்கே" என்று பஸ் ஏறுகிறோம்.

"வந்தால் மூஞ்சி பதிவாகிவிடும்." இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் தரம். ஏற்கெனவே தெரிந்த ஆளை 'இவன்தான்' என்று சொல்ல 125 போதும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டு மெகாபிக்சல் கேமரா அகலவாக்கில் 1,920 புள்ளிகள் தரும். அதை 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் அகலம். பரந்து பார்க்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கேமராவுக்கு முன்னால் மூன்று மீட்டர் தொலைவிலேயே அந்த அகலத்தை எட்டிவிடும். ஆக, பத்தடிக்கு அப்பால் நிற்கும் அந்நியன் உங்கள் கேமராவுக்கு ஓர் உருவம், அவ்வளவுதான். மாட்ட வருகிறவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "ரோடு முழுக்கத் தெரியுது பாருங்கண்ணா" என்பார். நமக்கும் பெருமை. ரோடு முழுக்கத் தெரியும். வந்தவனின் உச்சந்தலையும் தெரியும். முகம் வேண்டுமென்றால் ஒரு கேமராவாவது கேட்டருகே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நடந்து வருகிற வழியை மட்டும் குறுகலாகப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்தப் படம் டிவியில் பார்க்க அழகாக இருக்காது என்பதால் யாரும் அப்படி வைப்பதில்லை.

இரவானால் நிலைமை இன்னும் மோசம். கேமரா அப்போது அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. சாயப்பட்டறைக்காரர்கள் நிறைந்த ஊரில் இதை விளக்குவது எளிது: கறுப்புச் சாயம் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பை உள்வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். பதிவில் அந்தத் துணி வெளுத்துத் தெரியும். "வெள்ளைச் சட்டை போட்டவன் வந்தான்" என்று பதிவைப் பார்த்து நாம் தேடத் தொடங்கும்போது, வந்தவன் கறுப்பு டீ-சர்ட்டில் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கலாம். வண்டியின் நம்பர் பிளேட் ஒளியை அப்படியே திருப்பியடித்து வெள்ளைத் தகடாகிவிடும். லென்ஸைச் சுற்றி எரியும் அந்தச் சிவப்புப் பொட்டுகளுக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். சிலந்தி வலை கட்டினால் இரவெல்லாம் வெள்ளைப் புகைதான். வாசலில் ஒரு சாதாரண எல்இடி விளக்கு எரிந்தால் இதில் பாதிக் குறை தீரும். வலையையும் தூசியையும் துடைக்கத் துணிக்குத்தான் திருப்பூரில் பஞ்சமா?

"ஒரு மாசத்துக்கு ரெக்கார்டு இருக்கும்." இருக்காது. நான்கு கேமராக்கள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால், புதிய சுருக்க முறையிலேயே நாளொன்றுக்குச் சுமார் 85 ஜிபி தின்னும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க் பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையதை அழித்துக்கொண்டே எழுதும். பழைய முறையென்றால் அதில் பாதி. ஹார்டு டிஸ்க் செத்துப்போன பிறகும் டிவியில் நேரலை நன்றாகவே தெரியும் என்பது இதைவிடப் பெரிய வம்பு. பதிவு ஓடுகிறதா என்று போன வாரத்துக் காட்சி ஒன்றை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கூடவே மூலையில் ஓடும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் எங்கோ போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும் ஊர் இது. ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆடிட் வருகிறவர் 'எத்தனை நாள் பதிவு இருக்கிறது, காட்டு' என்று கேட்பார் என்பதால் அங்கே இதெல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டுக்கு ஆடிட்டர் வருவதில்லை.

"நம்ம வீட்டை எவன் பார்க்கப் போகிறான்?" உங்கள் வீட்டைத் தேடி யாரும் வரத் தேவையில்லை, திறந்து கிடக்கும் எல்லா வீட்டையும் தேட எந்திரங்கள் இருக்கின்றன. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அந்தத் தாக்குதலுக்குப் பயன்பட்ட 'மிராய்' என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் படையாகத் திரட்டியிருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறையில் பதிவான பெண்களின் காட்சிகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. அங்கும் வழி திறந்துகிடந்தது, யாரும் எளிதில் ஊகிக்கக்கூடிய பழைய பாஸ்வேர்டால்தான் என்று செய்திகள் வெளியாயின. சிசிடிவி கேமராக்களின் வன்பொருளும் மென்பொருளும் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்லது. ஆனால் அதற்கு முன்பே சுவரேறிவிட்ட கேமராவை அந்த விதி வந்து கழற்றப் போவதில்லை. மாட்டிக் கொடுத்தவரின் செல்போனில் உங்கள் வீடு இன்னமும் தெரிகிறதா? பெரும்பாலோர் கேட்டதே இல்லை, கேட்டால் அவர் மனம் நோகுமாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தவர்கள் எத்தனை பேர்? சாவியை இப்படிக் கொடுத்து வைப்போமா?

 

"என் வீடு, என் சுவர், எங்கே வேண்டுமானாலும் வைப்பேன்." திருப்பூரில் 'என் வீடு' என்பதற்குள் பல சமயம் பத்துக் குடித்தனங்கள் இருக்கின்றன. லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் பொதுநடையில் ஒரு கேமரா வைக்கிறார்; அது நேராகக் குளியலறை வரிசையின் கதவுகளைப் பார்க்கிறது. தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும் பெண்கள் நாள்தோறும் பதிவாகிறார்கள். பாதுகாப்புக்குத்தான் என்பார். யாரிடமிருந்து யாருக்கு? 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. ஒரே வீட்டில் வாழும் உடன்பிறந்தார்களுக்கிடையே எழுந்த வழக்கில், மற்றவர் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சொந்த அண்ணன் தம்பிக்கே அது பொருந்தும் என்றால் வாடகை கொடுத்து இருப்பவருக்குப் பொருந்தாதா? உடை மாற்றும், குளிக்கும் நிலையில் ஒரு பெண்ணைப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும் பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவிலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு விலக்குத் தருகிறது என்று சிலர் வாதாடுகிறார்கள். மாதம் பிறந்தால் பத்து வாடகை வாங்கும் கட்டடத்தை 'வீட்டு உபயோகம்' என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

"வீடியோ பொய் சொல்லாது." நம் சமூகம் இந்த ஒரு நம்பிக்கைக்காக உயிர்ப்பலி கொடுத்திருக்கிறது. 2018-இல் இந்தியா முழுக்க ஒரு காட்சி சுற்றியது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் அசல் சிசிடிவி பதிவு. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிய விழிப்புணர்வுக்காக எடுத்த படம். அதன் முடிவில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசி விநாடிகளை யாரோ வெட்டி எறிந்தார்கள். அந்த ஆண்டுப் பிள்ளை பிடிப்பவர் வதந்தியில் நாட்டின் பல இடங்களில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட உறவினரோடு காரில் வந்த ஒரு முதியவள், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாள். அதற்காக அவளைக் கொன்றார்கள்.

நம் ஊர் படாத பாடு பட்டது 2023 மார்ச்சில். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று, சம்பந்தமில்லாத இடங்களின் சண்டைக் காட்சிகள் பிகாரில் பரப்பப்பட்டன. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பரப்பியவர்கள்மேல் வழக்குப் பதிந்தது. பிகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசிவிட்டுப் போனது. ஹோலிக்கு ரயிலேறக் காத்திருந்த கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்று பேசினார்கள். அப்போது நம்மைப் பற்றிய பொய்க்கு நாம் கொதித்தோம். அதே நாம்தான் தெரு வாட்ஸ்அப் குழுவில், கேட்டருகே நின்று செல்போன் பேசிய ஓர் இளைஞனின் மங்கலான படத்தைப் போட்டு, "வடக்கன் ஒருத்தன் நோட்டம் பார்க்கிறான், உஷார்" என்று அனுப்புகிறோம். அவன் புதிதாகச் சேர்ந்த பவர்டேபிள் தையல் கூடத்துக்கு வழி கேட்டு நின்றிருப்பான். சிவகிரிக் கொலையில் போலீஸார் கைது செய்தவர்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களே. 2023 செப்டம்பரில் பல்லடம் அருகே கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தில் நால்வர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர், அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்தவர். அந்நியன்மேல் கேமராவைத் திருப்பி வைத்தால் தெரிந்தவன் எந்த வழியில் வருவான் என்பதை யார் பார்ப்பது?

"செல்லில் இருக்கிற வீடியோவைக் கொடுத்தால் கேஸ் முடிந்தது." முடியாது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் ஆதாரமாக்கச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, சான்றிதழில் கருவியின் பொறுப்பாளரும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் 'ஹேஷ்' எண்ணும் வேண்டும். டிவி திரையைச் செல்போனால் படமெடுத்து நாலு குழுவுக்கு அனுப்பிய பிறகு அந்த எண்ணை எதற்குப் போடுவது? திருட்டு நடந்தால் முதல் வேலை, டிவிஆர் பெட்டியைப் பழைய பதிவின்மேல் எழுதவிடாமல் அணைத்து, யாரையும் தொடவிடாமல் போலீஸாரிடம் ஒப்படைப்பது. 'வைரல்' ஆக்குவது குற்றவாளிக்கு நாம் அனுப்பும் தகவல்.

கடைசி நம்பிக்கையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை நம்புகிறவர்களுக்கு வேறு வழி அதிகமில்லை. "கேமரா வைத்துவிட்டால் குழந்தையைக் கம்பெனியில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்." ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பெண் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது இரவு எட்டுக்கு மேல். லைனில் செல்போனை எடுக்கப் பல கம்பெனிகளில் அனுமதியில்லை. எடுத்தாலும் பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஒவ்வொரு பார்வைக்கும் காசு குறையும். பூனை குறுக்கே போனாலும் திரைச்சீலை ஆடினாலும் 'அசைவு கண்டறியப்பட்டது' என்று கருவி கூவும்; இரண்டாம் நாள் அந்தச் சத்தத்தை நிறுத்திவைப்போம். நிறுத்தாவிட்டாலும், குழந்தை கட்டிலில் இருந்து விழுந்ததைப் பார்க்கலாமே தவிர எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து தூக்க முடியுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளில், குழந்தைகள்மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே. கேமரா எந்த மூலையைப் பார்க்காது என்பதும் அந்தத் தெரிந்தவருக்குத் தெரியும்.

இந்த நம்பிக்கை யாருக்கு வசதி என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க விட வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே வைத்திருக்கிறது. காப்பகம் என்று போர்டு மாட்டிய அறையில் ஆடிட் அன்று பொம்மைகளும் தொட்டிலும் வந்துவிடும். மற்ற நாளில் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அந்த அறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதைவிட ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு வைஃபை கேமரா வாங்குவது அந்தப் பெண்ணுக்கு எளிதாக இருக்கிறது. ஆகவே அவள் வாங்குகிறாள், மாதத் தவணையில்.